மலையகக் குளிரில் மாவு பொங்காவிட்டால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

மார்கழி பிறந்ததும் இலங்கை மலையகத்தில் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே புகார்தான். மாவு பொங்கவில்லை. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, ஹப்புத்தளை எதுவாக இருந்தாலும் ராத்திரி வைத்த மாவு விடிந்த பிறகும் வைத்த அளவிலேயே கிடக்கும். இட்லிக்கு என்று உளுந்தை ஊறப்போட்டவர்கள் கடைசியில் ரொட்டி தட்டிச் சமாளிப்பார்கள். அக்கம்பக்கத்து மாவுச் சட்டிகளை நிறையப் பார்த்தாகிவிட்டது. திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளையும், ஒவ்வொன்றுக்கும் என்ன பார்க்க வேண்டும் என்பதையும் எழுதி வைக்கிறேன். உங்கள் மாவுக்கு எது பொருந்துகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடுங்கள்.

அதற்கு முன் ஒன்று. நம் வீடுகளில் வழிவழியாக வரும் கணக்கு நம் முன்னோர் புறப்பட்டு வந்த திருச்சி, புதுக்கோட்டை, சேலம், இராமநாதபுரம் பக்கத்துக் கணக்கு. "அந்திக்கு அரைச்சு வை, விடிஞ்சா பொங்கிரும்" என்பது அந்தச் சமவெளி வெக்கைக்குச் சரி. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரியே 16 பாகை செல்சியஸ் அளவுதான். தை, மாசியில் சில இரவுகளில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகிப்போகும். அப்படியானால் அம்மாயிமார் (பாட்டிமார்) லயத்துக் காம்பிராவில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில்) எப்படி மாவைப் பொங்க வைத்தார்கள்? அடுப்பால்தான். சாம்பலுக்கு அடியில் கங்கு விடிய விடியக் கிடக்கும். மாவுச் சட்டி அதன் ஓரத்தில் இருக்கும். நமக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அரிசி இவ்வளவு, உளுந்து இவ்வளவு என்றார்கள். சட்டியை அடுப்போரம் வைத்ததைச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. லயத்தை விட்டு ஏழு பேர்ச் நிலத்தில் கட்டிய தனிவீட்டுக்குக் குடிவந்து, விறகடுப்பை விட்டுக் கேஸுக்கு மாறியவர்களிடமிருந்துதான் இந்தப் புகார் அதிகம் வருகிறது. கணக்கு மாறவில்லை, கங்குதான் இல்லை.

மலையகத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கே போன சொந்தங்களில் நீலகிரி மலையில் கோத்தகிரிப் பக்கம் குடியேறியவர்களைக் கேட்டுப் பாருங்கள், இதே புலம்பலைச் சொல்வார்கள். திருச்சிக்கே போனவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். ஆகவே கடைக்கு ஓடி உளுந்தை மாற்றுவதற்கு முன் சூட்டைப் பாருங்கள்.

இங்கே நான் வைத்துக்கொள்ளும் அளவு: நாட்டுப் புழுங்கலரிசி நாலு சுண்டு (அரிசி அளக்கும் சிறு பாத்திரம்), உளுந்து ஒரு சுண்டு, வெந்தயம் ஒரு தேக்கரண்டி. உங்கள் வீட்டு அளவு கொஞ்சம் வேறாக இருந்தாலும் கீழே உள்ளவை பொருந்தும்.

அறிகுறி: மாவு அப்படியே கிடக்கிறது, பொங்கவே இல்லை

முதல் சோதனைக்குக் காசு வேண்டாம். கையைக் கழுவித் துடைத்துவிட்டு மாவின் நடுவில் விரலை விடுங்கள்.

*விரலுக்குச் சில்லென்று இருந்தால்*

கோளாறு சூட்டில். மாவை எறிய வேண்டாம், அது கெட்டுப்போகவில்லை, தூங்குகிறது.

முதலில் நேரத்தைக் கணக்குப் பாருங்கள். பதுளை 700 மீற்றருக்கும் கீழேதான். அங்கே பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் போதும். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பக்கம் சாதாரண நாளில் பதினைந்து பதினாறு ஆகும். நுவரெலியாவில் மார்கழி, தையில் ஒரு முழு நாள் எடுத்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். அந்திக்கு அரைக்கும் பழக்கத்தை விட்டு, நாளைக் காலைத் தோசைக்கு இன்றைக்கு மதியத்துக்கு முன்பே அரைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். கொழுந்தெடுக்கப் போகிறவர்களுக்கு இது முடியாது என்று தெரியும். அவர்கள் முதல் நாள் இரவே அரைத்து அடுத்த நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தோசை என்று வைத்துக்கொள்ளலாம்.

நேரம் கொடுத்தும் நடக்கவில்லை என்றால், ஊறப்போட்ட தண்ணீரையும் அரைத்த தண்ணீரையும் யோசியுங்கள். பீலித் தண்ணீர் (மலை ஊற்றிலிருந்து குழாய் வழி வருவது) கை விறைக்கும் குளிர். அதில் ஊறிய அரிசியை அதே தண்ணீர் விட்டு அரைத்தால், மாவு குளிர்ந்த சட்டியில் குளிர்ந்தபடியேதான் தொடங்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போடுங்கள், அரைக்கவும் அதையே விடுங்கள். சென்னைப் பக்கத்து வீடியோக்களில் ஐஸ் தண்ணீர் விட்டு அரைக்கச் சொல்வார்கள். அது அவர்கள் வெயிலுக்கு. இங்கே அதைக் கேட்டு நடந்தால் மாவு சித்திரையில்தான் பொங்கும்.

அடுத்தது சட்டி இருக்கும் இடம். சிமெந்துத் தரை, ஜன்னல் ஓரம், தகரக் கூரைக்கு நேர் கீழே, மூன்றும் வேண்டாம். அடுப்பு இருந்தால் அடுப்போரம். விறகு காயப்போடும் பரண் இருந்தால் இன்னும் நல்லது.

கம்பளியில் சுற்றி வைத்தேனே என்பார்கள். கம்பளி சூடு தராது, இருக்கிற சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். குளிர்ந்த மாவைக் கம்பளியில் சுற்றினால் கம்பளிக்குள் குளிர்ந்த மாவு இருக்கும். முதலில் மாவைச் சூடாக்க வேண்டும். அகலமான பாத்திரத்தில் கை பொறுக்கும் சுடுதண்ணீர் ஊற்றி, அதில் மாவுச் சட்டியை இறக்கி, கையால் கலக்கிக்கொண்டே இருங்கள். விரலுக்குக் குளிரும் தெரியாமல் சூடும் தெரியாமல் ஆனதும் எடுத்துச் சுற்றுங்கள்.

கேஸ் மட்டும் உள்ள வீட்டுக்கு நான் சொல்வது ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி. மீன் கடையில் பழையது கிடைக்கும். கழுவி வெயிலில் காயவைத்து, வாடை போனதும் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே மாவுச் சட்டி, பக்கத்தில் சுடுதண்ணீர் நிரப்பிய இரண்டு போத்தல், மேலே மூடி. பிளாஸ்டிக் போத்தலில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் சுருங்கிவிடும், கண்ணாடிப் போத்தல் வெடிக்கும். கை வைக்க முடியாத அளவு சூடு போதும். கண்ணாடி என்றால் முதலில் கொஞ்சம் வெந்நீர் விட்டு அலசிப் பழக்கிவிட்டு நிரப்புங்கள். போத்தலைத் துணியில் சுற்றிச் சட்டியில் ஒட்டாமல் வையுங்கள். படுக்கப் போகும்போது ஒருமுறை தண்ணீரை மாற்றினால் விடியும் வரை தாங்கும். உள்ளே 28 முதல் 32 பாகை இருந்தால் மாவு நன்றாகப் பொங்கும்.

கேக் சுடும் அவன் இருந்தால் சூட்டைப் போடாமல் உள்விளக்கை மட்டும் போட்டு மாவை உள்ளே வைக்கலாம். ரைஸ் குக்கரில் சூடாக வைத்திருக்கும் பொத்தானை நம்பி மாவை ராத்திரி முழுக்க விடாதீர்கள். அந்தச் சூடு 60 பாகையைத் தாண்டும். அடிமாவு வெந்து கட்டியாகும், பொங்க வைக்கும் நுண்ணுயிர் செத்துப்போகும். குக்கரைப் பத்து நிமிடம் போட்டு அணைத்துவிட்டு, சூடு ஆறி வெதுவெதுப்பானதும் சட்டியை உள்ளே வைத்து மூடினால் அது வேறு கதை. அது நல்ல வழி.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. மாவுக்காக என்றோ பிள்ளைகளுக்குக் குளிர் என்றோ கரிச்சட்டியைக் கங்கோடு மூடிய அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்காதீர்கள். கங்கிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு வாசனை கிடையாது. காலையில் வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் வாந்தியும் என்றால், கதவு ஜன்னலைத் திறந்து வெளியே வந்து 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

*விரலுக்கு வெதுவெதுப்பாக இருந்தும் பொங்கவில்லை என்றால்*

இப்போது பொருட்களைப் பார்க்கலாம்.

உப்பு. அரைத்ததும் உப்புப் போட்டுக் கலப்பது சமவெளிப் பழக்கம். அங்கே மாவு சீக்கிரம் புளிக்காமல் உப்புத் தடுத்துப் பிடிக்கும். நமக்குத் தடுக்க வேண்டிய வேகமே இல்லை. பொங்கிய பிறகு போடுங்கள்.

கை. கரண்டியால் கலக்கியிருந்தால் அடுத்த முறை கழுவிய கையால் நன்றாக அளைந்து கலக்குங்கள். உளுந்து மாவும் அரிசி மாவும் ஒன்றாகச் சேர அதுதான் வழி, கைச்சூடும் கொஞ்சம் ஏறும்.

குழாய்த் தண்ணீர். நகரத்துக் குழாயில் சில நாள் குளோரின் வாடை தூக்கலாக இருக்கும். அந்த வாடை அடித்தால் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். பீலித் தண்ணீருக்கு இந்தக் குறை இல்லை.

உளுந்து. இதற்கு ஒரு சோதனை உண்டு. அரைத்த உளுந்து மாவில் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் நன்றாக அரைபட்டிருக்கிறது. அமிழ்ந்தால் இன்னும் பத்து நிமிடம் அரையுங்கள். எவ்வளவு அரைத்தும் அமிழ்கிறது என்றால் உளுந்து பழசு. மூடையில் கிடந்து ஈரம் பட்ட உளுந்து நம் ஊர்க் கடைகளில் சாதாரணம். மழைக்காலத்தில் மொத்தமாக வாங்க வேண்டாம். தோலோடு இருக்கிற கறுப்பு உளுந்து கிடைத்தால் அதை எடுங்கள். ஊறவைத்துத் தோல் கழுவும்போது கொஞ்சம் தோலை விட்டுவையுங்கள், மாவு சுறுசுறுப்பாகப் பொங்கும். மாவு கொஞ்சம் நிறம் மங்கும், பரவாயில்லை.

இதுவும் போதவில்லை என்றால் உறை ஊற்றுங்கள். நன்றாகப் பொங்கிய பழைய மாவு ஒரு பெரிய கரண்டி போதும். உங்களிடம் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கேளுங்கள், எந்தத் தோட்டத்திலும் ஒரு வீட்டில் இருக்கும். அப்பச்சோடா கடைசிக் கை. அது குமிழ் தரும், புளிப்புத் தராது. இட்லி உப்பும், ஆனால் வாயில் வைத்தால் வேறு ஏதோ சாப்பிடுகிற மாதிரி இருக்கும்.

அறிகுறி: மாவு பொங்கியது, இட்லி மட்டும் கல்லு

இட்லித் தட்டை இறக்கியதும் ஈர்க்குச்சியை நடுவில் குத்திப் பாருங்கள்.

*குச்சியில் மாவு ஒட்டி வந்தால்* அது வேகவில்லை. உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும், ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை. ஹட்டனில் 96க்குக் கிட்ட, நுவரெலியாவில் 94க்குக் கிட்ட. அந்த ஆவியில் பத்து நிமிடக் கணக்குச் சரிவராது. பதின்மூன்று பதினைந்து நிமிடம் விடுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் தட்டை வைக்க வேண்டும். நடுவில் மூடியைத் தூக்கிப் பார்க்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், நம் அடுப்படிக் குளிர் ஒரு நொடியில் உள்ளே போய்விடும்.

*குச்சி சுத்தமாக வந்தும் இட்லி கெட்டி என்றால்* மாவின் பதத்தைப் பாருங்கள். கரண்டியிலிருந்து தானாக வழிந்து விழ வேண்டும். பொத்தென்று விழுந்தால் வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் விடுங்கள். பொங்கிய மாவைத் தோசை மாவு போல அடித்துக் கலக்கவும் கூடாது, உள்ளே பிடித்த காற்றெல்லாம் போய்விடும்.

அடுத்து அரிசி. இட்லி அரிசி என்று தனியாக நம் கடைகளில் லேசில் கிடைக்காது. பச்சரிசிச் சம்பாவில் அவித்தால் கெட்டியாகத்தான் வரும். கீரிச் சம்பா வாசனையான அரிசி, விலையும் கூட, ஆனால் இட்லிக்கு அது தேவையே இல்லை. சாதாரண நாட்டுப் புழுங்கல் போதும். சிவப்பரிசி கலந்தால் ருசி உண்டு, மென்மை குறையும். கால்பங்குக்கு மேல் வேண்டாம்.

அப்புறம் உளுந்தின் அளவு. உளுந்து விலை ஏறியபோது பல வீடுகளில் உளுந்தைப் பாதியாக்கி, அந்த இடத்தைச் சோற்றாலோ கோதுமை மாவாலோ நிரப்பினார்கள். விலை எப்படியோ, அந்தப் பழக்கம் அப்படியே நின்றுவிட்டது. தோசைக்கு அது ஓடும், இட்லிக்கு ஓடாது. நாலுக்கு ஒன்றுக்குக் கீழே போகாதீர்கள். கட்டுப்படி ஆகவில்லை என்றால் அன்றைக்குத் தோசை சுடுங்கள்.

கடைசியாகக் காசு செலவு: பிளெண்டரில் உளுந்து அரைத்தால் எவ்வளவு அரைத்தாலும் அந்தப் பஞ்சுப் பதம் வருவது கஷ்டம். ஆட்டுக்கல் மூலையில் கிடந்தால் உளுந்தை மட்டுமாவது அதில் ஆட்டிப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் வெட் கிரைண்டர் வாங்குவதைப் பற்றி அப்போது யோசிக்கலாம்.

அறிகுறி: இட்லி தட்டையாகப் பரவி நடுவில் அமுங்குகிறது

தண்ணீர் கூடிவிட்டது, அல்லது மாவு பொங்கி இறங்கிவிட்டது. சட்டியின் உட்சுவரில் மாவு ஏறி இறங்கிய கோடு தெரிந்தால் இரண்டாவது. இட்லிக்கு இனி ஆகாது. வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை போட்டு ஊத்தப்பமோ பணியாரமோ சுட்டுவிடுங்கள்.

அறிகுறி: தோசை கல்லில் ஒட்டுகிறது

கல்லில் தண்ணீர் தெளியுங்கள். சட்டென்று சீறி முத்து முத்தாக ஓடினால் சூடு சரி. அப்படியே கிடந்து மெல்லக் காய்ந்தால் கல் இன்னும் சூடாகவில்லை. தெளித்த உடனே காணாமல் போய்ப் புகை வந்தால் சூடு அதிகம், தணலைக் குறைத்து ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள்.

சூடு சரியாக இருந்தும் ஒட்டினால், யாரோ கல்லைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். வீட்டில் புதிதாக உதவிக்கு வந்தவர்களைக் கேளுங்கள், கோபப்படாமல் கேளுங்கள். கல்லைக் காயவைத்து நல்லெண்ணெய் தடவி, பாதியாக வெட்டிய வெங்காயத்தால் தேய்த்து, புகை வரும் வரை சூடாக்கி ஆறவிட்டு, மறுபடியும் செய்யுங்கள். முதல் இரண்டு தோசை நாய்க்குப் போகும். மூன்றாவது வரும்.

குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த மாவை நேரே ஊற்றினாலும் ஒட்டும். அரைமணி வெளியே வையுங்கள், நுவரெலியாவில் ஒரு மணி. கேஸ் அடுப்பில் கல் ஆடுகிறது, நடுவில் மட்டும் கருகுகிறது என்றால் கல் வளைந்துவிட்டது. இரும்புக் கல்லைப் பட்டறையில் தட்டிக் கொடுப்பார்கள். ஒட்டாத பூச்சுப் போட்ட கல்லில் பூச்சு உரிந்திருந்தால் அதைச் சரிசெய்ய வழி கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

அறிகுறி: தோசை வெள்ளையாகவே இருக்கிறது, சிவக்கவில்லை

பெரும்பாலும் மாவு போதுமான அளவு புளிக்கவில்லை. முதல் அறிகுறிக்குத் திரும்பிப் போங்கள். அவசரத்துக்குச் சீனி ஒரு சிட்டிகை, அல்லது கோதுமை ரவை ஒரு கரண்டி சேர்க்கலாம். வெந்தயம் போட மறந்த மாவும் இப்படித்தான் நிற்கும்.

கோதுமை மாத் தோசைக்கு இந்தக் கணக்கு வேறு. தோட்டத்தில் பங்காகக் கிடைத்த கோதுமை மாவை வைத்து நம் ஆட்கள் ரொட்டியோடு நிற்காமல் தோசையும் சுட்டார்கள். ஊறவைத்து அரைத்த உளுந்தில் கோதுமை மாவைக் கரைத்து, மஞ்சள் கொஞ்சம் சேர்த்து, கடுகு, சீரகம், வெங்காயம் தாளித்துக் கொட்டுவது. இது அவ்வளவாக உப்பாது, உப்ப வேண்டியதும் இல்லை. மேலே சின்னச் சின்னக் குமிழும் லேசான புளிப்பு வாடையும் வந்தால் சுடலாம்.

அறிகுறி: சாம்பார்ப் பருப்பு எவ்வளவு நேரம் வைத்தாலும் கரையவில்லை

மைசூர்ப் பருப்புக்கு இந்தத் தொல்லை இல்லை, அது எங்கும் வேகும். துவரம் பருப்பும் கொண்டைக்கடலையும்தான் அடம்பிடிக்கும். காரணம் இட்லிக்குச் சொன்ன அதே உயரம்.

ஊறவைத்தீர்களா? துவரம் பருப்பை ஒரு மணி, கடலையை இரவு முழுக்க. புளியை முன்னாலேயே போட்டீர்களா? பருப்பு மசிந்த பிறகுதான் புளி. இரண்டும் சரி என்றால் பிரஷர் குக்கர் வேண்டும். சமவெளிச் செய்முறையில் மூன்று விசில் என்று இருந்தால் இங்கே ஐந்து வையுங்கள்.

குக்கர் இருந்தும் விசில் வராமல் ஓரமெல்லாம் ஆவி போனால் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். குளிரில் அது இறுகிப்போகும். வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு மாட்டுங்கள், அப்படியும் ஆகாவிட்டால் புது வளையம். மூடியில் உள்ள சேஃப்டி வால்வ் உருகிவிட்டால் அந்தக் குக்கரை அடுப்பில் ஏற்ற வேண்டாம். ஆணி, தகரம், மெழுகு வைத்து அடைத்த மூடிகளைப் பார்த்திருக்கிறேன். அதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவுள்ள வால்வை மாட்டச் சொல்லுங்கள்.

அறிகுறி: மாவில் நிறம், நூல், கெட்ட வாடை

இதற்குக் கிளை கிடையாது. ரோசா நிறம், பச்சை, கறுப்புப் புள்ளி, நூல் நூலாக இழுபடுதல், அழுகிய வாடை எது இருந்தாலும் எறிந்துவிடுங்கள். மேலே மட்டும் வழித்து எடுத்துவிட்டுக் கீழே உள்ளதைப் பயன்படுத்துவது வேண்டாம். குளிரில் மாவு பொங்காமல் நாள் கணக்காகக் கிடந்தால் இது நடக்கும். சட்டியைக் கொதிநீர் விட்டுக் கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள். சாப்பிட்டுவிட்டு வாந்தியும் வயிற்றோட்டமும் நிற்கவில்லை, பிள்ளைகளோ வயதானவர்களோ சோர்ந்து கிடக்கிறார்கள் என்றால், கைவைத்தியத்தில் நேரத்தைப் போக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அறிகுறி: கிரைண்டர் சுற்றவில்லை, அல்லது முனகுகிறது

*சத்தமே இல்லை*: வேறொரு பிளக்கில் மாட்டிப் பாருங்கள். ட்ரிப் சுவிச் விழுந்திருக்கிறதா பாருங்கள். விழுந்திருந்தால் ஒருமுறை தூக்கிவிடலாம். மறுபடியும் விழுந்தால் இரண்டாவது முறை தூக்க வேண்டாம், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

*முனகுகிறது, கல் சுற்றவில்லை*: உடனே நிறுத்துங்கள். பாதி மாவை வெளியே எடுத்துவிட்டு, கல்லைக் கையால் சுற்றி, அப்புறம் போட்டுப் பாருங்கள். பெல்ட் உள்ள கிரைண்டர் என்றால் பெல்ட் தளர்ந்திருக்கும். அந்திக்கு ஊரே விளக்குப் போட்டுத் தண்ணீர் சுடவைக்கும் நேரத்தில் மட்டும் முனகினால் அது அழுத்தக் குறைவு. பகலில் அரையுங்கள், மோட்டார் பிழைக்கும்.

*கருகிய வாடை*: மோட்டார்க் காயில் (உள்ளே உள்ள கம்பிச் சுருள்) போயிருக்கலாம். காயில் சுற்றித் தருகிறவர் டவுனில் இருப்பார், பழைய கிரைண்டருக்கு அது லாபம்தானா என்று விலையைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

*தொட்டால் ஷொக் அடிக்கிறது*: எவ்வளவு லேசாக அடித்தாலும் அன்றோடு நிறுத்துங்கள். நம் ஈரக்காற்றில் மோட்டாருக்குள் நீர் கோத்துக்கொள்ளும், பழைய கட்டிடங்களில் எர்த் சரியாக இருக்காது. செருப்புப் போட்டுக்கொண்டு அரைக்கிறேன் என்பது தீர்வு ஆகாது.

அறிகுறி: எல்லாம் சரியாக வந்தது, அம்மாயி சுட்ட ருசி மட்டும் இல்லை

என்னிடம் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள், மாவைப் பற்றிக் கேட்பதாக நினைத்துக்கொண்டு. இதற்கும் எளிதிலிருந்து தொடங்கலாம்.

எண்ணெயை மாற்றுங்கள். பல வீடுகளில் பழையபடி நல்லெண்ணெயில்தான் சுட்டிருப்பார்கள், நாம் கையில் இருக்கிற தேங்காயெண்ணெயை ஊற்றுகிறோம். சில வீடுகளில் நேர்மாறு. இரண்டையும் ஒரு தோசைக்கு ஒன்றாக ஊற்றிக் கண்ணை மூடிச் சாப்பிட்டுப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

தொட்டுக்கொள்ள என்ன இருந்தது என்று யோசியுங்கள். மாசிக் கருவாடு இடித்துப் போட்ட தேங்காய்ச் சம்பலா, பொட்டுக்கடலைச் சட்னியா? இட்லிக்குச் சட்னி, தோசைக்குச் சம்பல் என்று இருந்த வீடுகளும் உண்டு. தோசையில் குறையைத் தேடிக்கொண்டிருப்போம், குறை அம்மியில் இருக்கும். சம்பலைப் பிளெண்டரில் அடிக்காமல் ஒருமுறை அம்மியில் அரையுங்கள்.

விறகுப் புகை. இதை வாங்க முடியாது. வெளியே மூன்று கல்லைக் கூட்டி, சீமை யூக்கலிப்டஸ் அல்லாத விறகில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லைப் போட்டுப் பாருங்கள். யூக்கலிப்டஸ் புகை தோசையில் ஏறி, தைலம் தடவின மாதிரி மணக்கும்.

பசியும் ஒரு காரணம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் மட்டும் இட்லி பார்த்த வயிற்றுக்கும், நினைத்த நாளில் தோசை சுடுகிற வயிற்றுக்கும் நாக்கு ஒன்றாக இருக்காது. இந்தக் கோளாறைச் சமையலால் சரிசெய்ய முடியாது, முயற்சி செய்து உளுந்தை வீணாக்க வேண்டாம்.

இவ்வளவும் பார்த்தும் தீராவிட்டால் நிபுணரை அழைக்க வேண்டிய கட்டம் இது. குடும்பத்தில் உயிரோடு இருக்கிற மூத்த பெரியம்மா, சித்தி, அத்தை யாராவது. ஃபோனில் கேட்டால் "எல்லாம் கைப்பதம்தான்டி" என்று முடித்துவிடுவார்கள். நேரில் போங்கள். நீங்கள் அரிசியை எடுக்காதீர்கள், அவர்களையே எடுக்கச் சொல்லி, சட்டியில் விழுவதற்கு முன் ஒரு கிண்ணத்தில் வாங்கித் தராசில் வைத்து எழுதுங்கள். தண்ணீரையும் அப்படியே. ஊறப்போட்ட நேரம், அரைத்த நேரம், சட்டியை வைத்த இடம், அன்றைக்கு வெயிலா மழையா என்பதையும் எழுதுங்கள். "ஒரு டம்ளர்" என்றால் எந்த டம்ளர் என்று கேளுங்கள். அந்தப் பித்தளை டம்ளர் இன்னும் வீட்டில் இருந்தால், தண்ணீர் நிரப்பி அளவுக் கோப்பையில் ஊற்றி எத்தனை மில்லி லீட்டர் என்று பாருங்கள். கடையில் விற்கிற எவர்சில்வர் டம்ளரின் அளவோடு அது ஒத்துப்போவது அபூர்வம்.